அரசும் மதமும் தனித்தனியே: நெல்லைச் சீமையில் சமயத் தலைவர்களின் கூட்டுக் கோரிக்கையை உருவாக்கும் வழி

அரசு எந்த மதத்துக்கும் குடை பிடிக்கக் கூடாது, எந்த மதமும் அரசின் தோளில் ஏறிக்கொள்ளக் கூடாது என்று பகுத்தறிவு இயக்கத்தாரோ கட்சிக்காரரோ சொன்னால், நம் ஊர்களில் அதை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவதே வழக்கம். அதே கோரிக்கையை மடத்துத் தம்பிரான் ஒருவரும், தென்னிந்தியத் திருச்சபையின் சேகர குரு ஒருவரும், பள்ளிவாசல் இமாம் ஒருவரும் ஒரே தாளில் கையெழுத்திட்டு வெளியிட்டால் மக்கள் நின்று கேட்பார்கள்; மதத்தின் மேல் பற்றில்லாதவர்கள் என்று அவர்களை யாரும் ஒதுக்கிவிட முடியாது. திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் அத்தகைய கூட்டு அறிக்கை ஒன்றை உருவாக்க விரும்பும் ஊர்ப் பெரியவர்களுக்கும், ஆசிரியர்களுக்கும், இளைஞர் மன்றத்தினருக்கும், சமயப் பணியாளர்களுக்கும் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

இந்த வேலையில் நான் உறுதியாக நம்புவது ஒன்று உண்டு. ஒவ்வொரு தலைவரும் அடுத்த மதம் அரசிடமிருந்து என்ன பெறுகிறது என்று சுட்டிக்காட்டத் தொடங்கினால், அறிக்கை முதல் கூட்டத்தைத் தாண்டாது. தம் மதம் பெறுவதைத் தாமே முதலில் எடுத்து வைத்தால் அது நிலைக்கும். கீழே சொல்லும் வேலைகள் யாவும் இதை ஒட்டியே அமைந்தவை.

“இது நாத்திகர் கோரிக்கை அல்லவா?” என்பதற்கு விடை

எந்தத் தலைவரைப் பார்க்கப் போனாலும் முதலில் வரும் கேள்வி இதுதான். ஆகவே கொஞ்சம் வரலாற்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

அரசையும் மதத்தையும் பிரிக்கச் சொன்ன முதல் குரல்களில் பல, ஆழ்ந்த பக்தி உடையவர்களிடமிருந்து எழுந்தவை. மாசசூசெட்ஸ் குடியேற்றத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ரோஜர் வில்லியம்ஸ் என்ற கிறிஸ்தவப் போதகர், 1636-இல் பிராவிடன்ஸ் என்ற ஊரை நிறுவி, அங்கே மனச்சாட்சியின் மேல் அரசுக்கு அதிகாரம் இல்லை என்று வைத்தார். திருச்சபை என்னும் தோட்டத்துக்கும் உலகம் என்னும் காட்டுக்கும் நடுவே மதில் வேண்டும் என்று 1644-இல் எழுதியவரும் அவரே. அரசு கை வைத்தால் சபை கெட்டுப்போகும் என்பதே அவருடைய கவலை. கனெக்டிகட் மாநிலத்தில் வேறொரு சபை அரசின் ஆதரவோடு நடந்துவந்த காலத்தில், டான்பரி பகுதியின் பாப்டிஸ்டு சபையார் 1801-இல் குடியரசுத் தலைவர் ஜெபர்சனுக்கு எழுதிய முறையீட்டுக்கு, அவர் 1802 ஜனவரி 1-ஆம் தேதி அனுப்பிய மறுமொழியில்தான் “பிரிக்கும் மதில்” என்ற பேச்சு அரசியல் வழக்குக்கு வந்தது. கேட்டவர்கள் பக்தர்கள், அதிலும் சிறுபான்மையான பக்தர்கள்.

அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு என்று கேட்பவருக்கு நம் மண்ணின் கதையே இருக்கிறது. சென்னை மாகாணத்தில் 1817-ஆம் ஆண்டின் ஏழாம் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, கோயில்களின் சொத்தையும் நிர்வாகத்தையும் கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) அரசின் வருவாய் அதிகாரிகளே மேற்பார்த்தார்கள். தேர் இழுக்க ஆள் திரட்டுவதுகூட அவர்கள் பொறுப்பில் வந்து சேர்ந்தது. அரசு கோயில் நடத்துவதைக் கிறிஸ்தவ குருமார் கடுமையாக எதிர்த்தார்கள். படிப்படியாக விலகிய அரசு, 1863-ஆம் ஆண்டின் இருபதாம் சட்டத்தின் மூலம் அந்தப் பொறுப்பை முறையாக உதறியது. ஆனால் அதே அரசு, தன் ஆங்கிலிக்கன் குருமாருக்கு இந்திய மக்களின் வரிப்பணத்திலிருந்து சம்பளம் கொடுத்துக்கொண்டும் இருந்தது. அடுத்த வீட்டுக் கணக்கை மட்டும் பார்க்கும் கோரிக்கை எவ்வளவு அரைகுறையானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இன்னும் அருகில் வரலாம். வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்து, 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராகத் தோர்ணக்கல்லில் பொறுப்பேற்ற வேதநாயகம் சாமுவேல் அசரியா, கிறிஸ்தவர்கள் மட்டும் வாக்களிக்கும் தனித் தொகுதி கொடுப்பதை எதிர்த்தார். அது சபையை ஓர் அரசியல் கூட்டமாகச் சுருக்கிவிடும் என்று அவர் அஞ்சினார். அதே நெல்லைச் சீமையில் 1896-இல் பிறந்த காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில், சமயத் தலைவர் அல்லர், அரசியல் தலைவர். முஸ்லிம்களுக்குத் தனித் தொகுதி வேண்டும் என்று அரசியல் நிர்ணய சபையில் வாதாடினார். இருவரும் தம் மக்களின் நலனை நினைத்தே பேசியவர்கள். பாளையங்கோட்டையில் பேசினாலும் மேலப்பாளையத்தில் பேசினாலும் இருவரையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அசரியாவை மட்டும் சொன்னால் எதிரே இருப்பவருக்கு அது உபதேசமாகப்படும். இருவரையும் சொன்னால் கலந்து பேசுவதற்கு இடம் கிடைக்கும்.

இந்து சமயப் பெரியவர்களிடம் பேசும்போது, 1982-இல் மண்டைக்காட்டுக் கலவரத்துக்குப் பிறகு குன்றக்குடி அடிகளார் அங்கே போய் இந்துக்கள், கிறிஸ்தவர்கள் என்ற இரு தரப்பையும் இணக்கப்படுத்த உழைத்ததை நினைவூட்டலாம். சமயத் தலைவர் ஒருவரின் சொல்லுக்குக் காவல்துறையின் ஆணைக்கு இல்லாத எடை உண்டு என்பது அப்போது தெரிந்தது. காந்தியும் 1946-இல், தம் கையில் முழு அதிகாரம் இருந்தால் மதத்தையும் அரசையும் பிரித்தே வைப்பேன், மதம் என் சொந்தக் காரியம், அதில் அரசுக்கு வேலை இல்லை என்று கிறிஸ்தவ ஊழியர் ஒருவரிடம் சொல்லியிருக்கிறார். காந்தியை நாத்திகர் என்று எவரும் சொல்லத் துணிய மாட்டார்கள்.

சட்டம் எந்த அளவுக்குத் துணை நிற்கிறது

கேட்கப் போவது சட்டத்தில் இருப்பதையா, இல்லாததையா என்று தெரியாமல் அறிக்கை எழுத உட்காரக் கூடாது. பிரான்சு நாடு 1905 டிசம்பர் 9-இல் இயற்றிய சட்டம் போன்ற முழு மதில் நம் அரசியல் சாசனத்தில் கிடையாது. நம் சாசனத்தின் 27-ஆம் பிரிவு, குறிப்பிட்ட ஒரு மதத்தை வளர்ப்பதற்கென்று ஒதுக்கப்படும் வரியைச் செலுத்தும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. 28-ஆம் பிரிவு, முழுதும் அரசு நிதியில் நடக்கும் கல்வி நிலையத்தில் மத போதனை கூடாது என்கிறது. அதே சாசனத்தின் 290-அ பிரிவோ, 1956 நவம்பர் 1-ஆம் தேதி திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து தமிழகத்தோடு சேர்ந்த பகுதிகளின் இந்துக் கோயில்களைப் பராமரிக்க, ஆண்டுதோறும் 13 லட்சத்து 50 ஆயிரம் ரூபாயை அரசின் தொகுநிதியிலிருந்து கொடுக்கச் சொல்கிறது. செங்கோட்டைக்காரர்களுக்கு இது சொந்த ஊர்ச் செய்தி. 1750-இல் மன்னர் தம் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதிக்கொடுத்த திருவிதாங்கூரில் இருந்து, அந்த 1956 நவம்பர் 1-இல்தான் செங்கோட்டை நெல்லை மாவட்டத்துக்கு வந்தது. அரசும் கோயிலும் ஒன்றாயிருந்த நிலத்தைப் பிரித்தெடுக்கும்போது பழைய கடமைகளும் கூடவே வரும் என்பதற்கு இந்தப் பிரிவு ஓர் எடுத்துக்காட்டு.

சாசனத்தின் முகப்புரையில் “மதச்சார்பற்ற” என்ற சொல் 1976-இல் 42-ஆம் திருத்தத்தால் சேர்ந்தது. மதச்சார்பின்மை சாசனத்தின் அடிப்படைக் கட்டமைப்பைச் சேர்ந்தது என்று கர்நாடக முன்னாள் முதலமைச்சர் எஸ்.ஆர். பொம்மை தொடுத்த வழக்கில் 9 நீதிபதிகள் அமர்வு 1994-இல் உறுதிசெய்தது. தேர்தல் தொடர்பாக நம் கையில் இருக்கும் சட்டம் இதைவிட வலுவானது. 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-ஆம் பிரிவு, மதத்தைச் சொல்லி வாக்குக் கேட்பதை முறைகேடு என்கிறது. வேட்பாளரின் மதம் மட்டுமன்றி வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்பதும் அதில் அடங்கும் என்று 2017 ஜனவரி 2-இல் 7 நீதிபதிகள் அமர்வு, நாலுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. அதே பிரிவு இன்னொன்றையும் சொல்கிறது. நம் சமயத் தலைவர்கள் பலரும் இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவார்கள். இன்னாருக்கு வாக்களித்தால் அல்லது அளிக்காவிட்டால் தெய்வக் குற்றம் சேரும், சாபம் வரும் என்று வாக்காளரை நம்பவைப்பதும் தகாத செல்வாக்கு என்ற முறைகேடுதான்.

ஓர் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அரசையும் மதத்தையும் பிரிப்பது என்ற பெயரில், கோயில் வாசலில் சாதி காவல் நிற்பதை அரசு கண்டுகொள்ளக் கூடாது என்ற வாதமும் உள்ளே நுழையப் பார்க்கும். தென்மாவட்டங்களில் நாடார் மக்கள் கோயில் நுழைவுக்காக வழக்காடி, கமுதிக் கோயில் வழக்கில் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908-இல் தோற்றார்கள். கதவு திறந்தது பின்னாளில் அரசு இயற்றிய சட்டத்தால். சமூகச் சீர்திருத்தத்துக்காகவும், இந்துக் கோயில்களை எல்லாப் பிரிவினருக்கும் திறந்துவிடுவதற்காகவும் சட்டம் இயற்றும் அதிகாரத்தைச் சாசனத்தின் 25-ஆம் பிரிவு அரசுக்குத் தந்திருக்கிறது. அந்த அதிகாரத்தை விட்டுக்கொடுக்கும் எந்த வரியும் அறிக்கையில் வரக் கூடாது. இந்து சமய அறநிலையத் துறை இருக்க வேண்டுமா, போக வேண்டுமா என்ற பெரிய சண்டையை முதல் அறிக்கையில் தொடாமல் விடுவதே நல்லது என்பதும் என் கருத்து. அதைத் தொட்ட மறு நிமிடமே மேசையைச் சுற்றி இருப்பவர்கள் தத்தம் கட்சிகளின் குரலில் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

யாரை அழைப்பது

பெரிய பெயர்களைத் தேடி அலைய வேண்டாம். பேராயரும் ஆயரும் ஆதீனகர்த்தரும் கையெழுத்திட்டால் நல்லதுதான். ஆனால் அங்கிருந்து தொடங்கினால் மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். ஒரு சேகரம், ஒரு கத்தோலிக்கப் பங்கு, பள்ளிவாசலைச் சுற்றிய ஒரு மஹல்லா, ஒரு மடம், இரண்டு ஊர்க்கோயில் கமிட்டி என்று ஒரே வட்டாரத்துக்குள் தொடங்குவது நடக்கக்கூடிய காரியம். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, கடையநல்லூர், நாங்குநேரி என்று எந்த வட்டாரத்தை எடுத்தாலும் இவை எல்லாம் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கும்.

கையெழுத்திடும் அதிகாரம் யாருக்கு உண்டு என்பதில் மதத்துக்கு மதம் வேறுபாடு உண்டு. பள்ளிவாசலில் இமாம் பயான் (சமய உரை) செய்கிறார். முடிவெடுப்பது ஜமாஅத் கமிட்டி. ஆகவே இருவரையும் பார்க்க வேண்டும். சேகர குருவும் பங்குத்தந்தையும் மேலிடத்துக்குத் தெரிவிக்காமல் பொது அறிக்கையில் கையெழுத்திடத் தயங்குவார்கள். அந்தக் கடிதத்தை அவர்களே எழுதட்டும், நாம் குறிப்பு மட்டும் தரலாம். அறநிலையத் துறையின் கீழுள்ள கோயிலின் பட்டரையோ ஓதுவாரையோ வற்புறுத்தக் கூடாது. செயல் அலுவலரின் கீழ் வேலை பார்ப்பவர் அரசைப் பற்றிய அறிக்கையில் கையெழுத்திட்டு வேலையைச் சிக்கலாக்கிக்கொள்ள வேண்டிய அவசியமில்லை. அந்த இடத்துக்கு மடத்தைச் சேர்ந்தவர்களும், ஓய்வுபெற்ற ஓதுவார்களும், சுடலைமாடன், முத்தாரம்மன் கோயில்களை வரி பிரித்து நடத்தும் ஊர்க் கமிட்டிகளும் பொருத்தமானவர்கள். கொடை (ஊர்க்கோயில் விழா) நடத்தும் கமிட்டித் தலைவரை “சமயத் தலைவர்” என்று யாரும் அழைப்பதில்லை. ஆனால் ஊரில் ஒரு வேட்பாளர் வந்து மாலை வாங்கிக்கொள்ளும் மேடை அவருடையது. அய்யாவழிப் பதிகளின் பணிவிடையாளர்களையும், பள்ளிகளை நடத்தும் அருட்சகோதரிகளையும் மறக்கக் கூடாது. பட்டியலில் ஒரே சாதியாரின் கோயிலும் சபையும் மட்டும் இருந்தால் அறிக்கை அன்றைக்கே மதிப்பிழந்துவிடும்.

முதலில் தன் வீட்டுக் கணக்கு

முதல் கூட்டத்தில் அறிக்கையின் வாசகத்தைப் பற்றிப் பேச வேண்டாம். ஒவ்வொருவரிடமும் ஒரு முழுத்தாள் வெள்ளைக் காகிதத்தைக் கொடுத்து, தம் நிறுவனமும் தம் சமயத்தாரும் அரசிடமிருந்தோ கட்சிகளிடமிருந்தோ பெறுவதையும், அவர்களுக்குக் கொடுப்பதையும் எழுதிக்கொண்டு வரச் சொல்ல வேண்டும். அடுத்தவர் கணக்கை யாரும் எழுதக் கூடாது என்பது ஒன்றே விதி. இரண்டாம் கூட்டத்தில் அவற்றைச் சத்தமாக வாசிக்க வேண்டும்.

என்னென்ன வரும் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லலாம். கோயில் தரப்பில், அமைச்சர் வந்தால் பூரண கும்ப மரியாதை, வேட்பாளருக்குப் பரிவட்டம், அரசு அலுவலக வளாகத்துக்குள் எழும்பிய பிள்ளையார் கோயில், கொடைப் பந்தலுக்கும் மின்விளக்குக்கும் ஊராட்சிப் பணம், கயிலாய மானசரோவர் யாத்திரைக்கு மானியம் ஆகியவை வரும். கடவுள் படங்களை அரசு அலுவலகங்களிலிருந்து நாளடைவில் அகற்றும்படி 1968-இல் அண்ணாதுரை அரசு சுற்றறிக்கை அனுப்பியிருந்தும், பல அலுவலகங்களில் காலையில் ஊதுபத்தி ஏற்றிய பிறகே கோப்பு திறக்கப்படுகிறது என்பதை எல்லாரும் அறிவோம். கிறிஸ்தவர் தரப்பில், ஆராதனை நேரத்தில் வேட்பாளரை முன்னே அழைத்து ஜெபிப்பதும், ஜெருசலேம் பயண மானியமும் வரும்; அவற்றைவிடப் பெரிதாக அரசு உதவிபெறும் பள்ளிகள் வரும். நெல்லையில் இந்தக் கடைசிச் செய்தி தனிக் கவனத்துக்குரியது. ஆசிரியரின் சம்பளம் அரசுப் பணம். அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில், பிள்ளை தன் விருப்பமின்றி, வயது குறைந்தவரானால் பெற்றோர் சம்மதமின்றி, மத போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளத் தேவையில்லை என்று சாசனத்தின் 28-ஆம் பிரிவு சொல்கிறது. சேர்க்கைப் படிவத்தில் அந்தச் சம்மதத்தைக் கேட்கும் வரி இருக்கிறதா என்று தாளாளர் ஒருவர் தம் பள்ளியின் படிவத்தை எடுத்துக்கொண்டு வந்து மேசைமேல் வைத்துப் பார்த்தால், அந்தக் கூட்டத்தில் அதற்கு மேல் யாரும் யாரையும் சந்தேகப்பட மாட்டார்கள். முஸ்லிம்கள் தரப்பில், ரமலான் நோன்புக் கஞ்சிக்கு அரசு தரும் அரிசி, கட்சிகள் நடத்தும் இப்தார் விருந்து, தேர்தலுக்கு முந்தைய ஜும்மாவில் இன்னாருக்கு ஆதரவு என்று வரும் அறிவிப்பு ஆகியவை வரும். ஹஜ் மானியத்தைப் பத்து ஆண்டுகளுக்குள் நிறுத்தும்படி உச்ச நீதிமன்றம் 2012-இல் சொல்ல, 2018-இல் மத்திய அரசு அதை நிறுத்திவிட்டது; அதை இன்னும் நடப்பது போலப் பேசுபவர் இருந்தால் அங்கேயே திருத்த வேண்டும்.

வாசித்ததை எல்லாம் உடனே கைவிட வேண்டும் என்று யாரும் யாரையும் நெருக்கக் கூடாது. கஞ்சி அரிசி ஏழைகளின் வயிற்றுக்குப் போகிறது, அதை மதச் சலுகை என்பது சரியா என்று ஒரு ஜமாஅத் தலைவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. உதவிபெறும் பள்ளிகள் இல்லாவிட்டால் இந்தச் சீமையில் எத்தனை தலைமுறைகள் எழுத்தறியாமல் போயிருக்கும் என்று ஒரு குருவானவர் கேட்டால் அதுவும் நியாயமானதே. இன்றே விட்டுவிடக்கூடியவற்றை ஒரு பக்கமும், பேச வேண்டியவற்றை மறுபக்கமும் பிரித்துக்கொண்டால் போதும். மேடை, ஆசி, வாக்கு, மரியாதை ஆகியவை பெரும்பாலும் முதல் பக்கத்துக்கே வந்துவிடும். அவற்றை விடுவதற்கு எவருடைய அனுமதியும், ஒரு பைசாச் செலவும் வேண்டியதில்லை.

ஆவணங்களைத் திரட்டுதல்

கணக்கில் வந்தவற்றில் அரசுப் பணமும் அரசு நிலமும் சம்பந்தப்பட்டவற்றுக்கு ஆதாரம் வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய மனுவைப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினால், 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். “ஏன் செய்தீர்கள்” என்று கேட்டால் பதில் வராது. “கடந்த 3 நிதியாண்டுகளில் ஊராட்சிப் பொது நிதியிலிருந்து கொடை, அசனம், கந்தூரி ஆகியவற்றின் பந்தல், ஒலிபெருக்கி, மின்விளக்குச் செலவுக்கு வழங்கப்பட்ட தொகையையும், அதற்கான தீர்மானங்களின் நகலையும் தருக” என்று கேட்டால் வரும். மூன்று சமயத்தின் விழாக்களும் ஒரே மனுவில் இருப்பதைக் கவனிக்க வேண்டும்; ஒன்றை மட்டும் கேட்டால் அது புகாராகப் பார்க்கப்படும். குடிநீர், துப்புரவு, போக்குவரத்துக் காவல் ஆகியவை கூட்டம் கூடும் எந்த இடத்துக்கும் அரசு செய்ய வேண்டியவை. ஆனித் தேரோட்டத்துக்குக் காவலர் நிற்பதை மதச் செலவு என்று எழுதினால் நம் கோரிக்கை கேலிக்கு ஆளாகும்.

சாலையோரம், பூங்கா போன்ற பொது இடங்களில் கோயில், தேவாலயம், மசூதி என்ற பெயரில் அனுமதியற்ற கட்டடம் எதையும் புதிதாக எழுப்ப விடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2009 செப்டம்பர் 29-இல் ஆணையிட்டது. தம் சமயத்தார் எழுப்பியதைப் பற்றி அந்தந்தத் தலைவரே எழுதுவது இங்கேயும் பொருந்தும்.

கூட்டத்துக்கான இடமும் நாளும்

இது பலர் கவனிக்காத இடம். சமய நிறுவனங்கள் தவறாகப் பயன்படுத்தப்படுவதைத் தடுக்கும் 1988-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம், வழிபாட்டுத் தலங்களின் வளாகத்தையும் பணத்தையும் அரசியல் நடவடிக்கைக்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. மீறினால் 5 ஆண்டுவரை சிறையும் 10,000 ரூபாய்வரை அபராதமும் உண்டு. கட்சி வேலை மட்டுமன்றி, அரசியல் தன்மையுள்ள எந்தப் பிரச்சினைக்காகவும் கூட்டம் கூட்டுவதை அரசியல் நடவடிக்கை என்று அந்தச் சட்டம் விரித்துச் சொல்கிறது. ஆகவே மதத்தையும் அரசையும் பிரிக்கக் கோரும் கூட்டத்தையே கோயில் மண்டபத்திலோ பள்ளிவாசல் வளாகத்திலோ ஆலயக் கூடத்திலோ நடத்துவது பொருத்தமாகாது. நூலகக் கூடம், தனியார் திருமண மண்டபம், வணிகர் சங்கக் கட்டடம் என்று பொது இடம் பார்க்க வேண்டும். வாடகையையும் தேநீர்ச் செலவையும் தனிமனிதர்கள் கைக்காசிலிருந்து பிரித்துக்கொள்ள வேண்டும். உண்டியலும் காணிக்கைப் பையும் ஜமாஅத் நிதியும் இதில் சேரக் கூடாது.

வெள்ளி நண்பகலும் ஞாயிறு முற்பகலும் ஆகாது. கொடைகள் பெரும்பாலும் செவ்வாய், வெள்ளியில் வருவதால் அந்த நாட்களும் ஆகா. புரட்டாசி தவிர்த்த சனிக்கிழமை முற்பகல் பெரும்பாலும் எல்லாருக்கும் ஒத்துவரும். சாப்பாடு சைவமாக இருந்தால் பேச்சு எழாது. கூட்டத்தை எந்தச் சமயத்தின் வேண்டுதலோடும் தொடங்காமல், சாசனத்தின் முகப்புரையை வாசித்துத் தொடங்கலாம்.

வாசகம் எழுதும் முறை

அறிக்கை ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. முதல் பாதியில் கையெழுத்திடுபவர்கள் தாங்கள் செய்வதாகச் சொல்பவை, இரண்டாம் பாதியில் அரசிடம் கேட்பவை. இந்த வரிசை மாறக் கூடாது. முதல் பாதி இப்படி இருக்கலாம்:

“எங்கள் வழிபாட்டு மேடையிலிருந்து எந்த வேட்பாளருக்கும் வாக்குக் கேட்க மாட்டோம், அங்கே எவருக்கும் வேட்பாளர் என்ற முறையில் மாலையோ பரிவட்டமோ ஆசியோ ஜெபமோ துஆவோ வழங்க மாட்டோம். இன்னாருக்கு வாக்களிக்காவிட்டால் சாமி குற்றம் வரும், சாபம் சேரும், ஈமான் கெடும் என்று சொல்ல மாட்டோம். எங்கள் விழாக்களுக்கு உள்ளாட்சியின் பொது நிதியைக் கேட்க மாட்டோம். எங்கள் நிர்வாகத்திலுள்ள பள்ளிகளில் பெற்றோரின் எழுத்துச் சம்மதமின்றி எந்தப் பிள்ளையையும் வழிபாட்டில் சேர்க்க மாட்டோம்.”

இரண்டாம் பாதியில் அரசு அலுவலகங்களில் எந்த மதத்தின் வழிபாடும் சின்னமும் வேண்டாம், உள்ளாட்சி நிதி எந்த மத விழாவுக்கும் போகக் கூடாது, அதிகாரிகள் பதவியின் பெயரால் எந்தச் சமய மேடையிலும் அமர வேண்டாம், தேர்தல் நடத்தை விதிகளை எல்லா வழிபாட்டுத் தலங்களிலும் ஒரே அளவில் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று கேட்கலாம்.

வரைவை வாசிக்கும்போது ஒவ்வொரு வரியிலும் யாருடைய முகம் சுருங்குகிறது என்று பார்க்க வேண்டும். “சிறுபான்மையினரைத் திருப்திப்படுத்தும் போக்கை அரசு கைவிட வேண்டும்” என்று ஒருவர் எழுதிக்கொண்டு வருவார். “பெரும்பான்மை மதத்தின் ஆதிக்கத்தை அரசு நிறுத்த வேண்டும்” என்று இன்னொருவர் எழுதுவார். இரண்டும் கட்சி மேடையின் பேச்சுகள். இரண்டையும் நீக்கிவிட்டு, “எந்த மதத்தைச் சேர்ந்தவர் என்று பாராமல், அரசின் பணமும் இடமும் நேரமும் மதச் சடங்குகளுக்குச் செலவிடப்படக் கூடாது” என்று எழுதினால் இருவரும் கேட்டது அதற்குள் வந்துவிடும். எவரும் குற்றவாளிக் கூண்டில் நிற்க மாட்டார். எந்தக் கட்சியின் பெயரும், தலைவரின் பெயரும், கலவரத்தின் பெயரும் அறிக்கையில் வரக் கூடாது.

வெளியிடுவதும் கொடுப்பதும்

தேர்தல் அறிவிப்புக்கு நெடுநாள் முன்பே வெளியிட வேண்டும். நடத்தை விதி நடைமுறைக்கு வந்துவிட்டால் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டமும் நின்றுவிடும். அறிக்கையும் யாரோ ஒரு கட்சிக்கு உதவத்தான் வந்தது என்ற பேச்சும் கிளம்பும். கொக்கிரகுளத்திலுள்ள ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு திங்களன்று, கையெழுத்திட்டவர்களே நேரில் போய்க் கொடுத்து மனு எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். வட்டாரம் தென்காசியிலோ தூத்துக்குடியிலோ இருந்தால் அந்தந்த ஆட்சியரிடம் கொடுக்க வேண்டும். ஊராட்சி நிதி தொடர்பான வரியைக் கிராம சபையிலும் தீர்மானமாக வைக்கலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை அதற்கான நாட்கள்.

செய்தியாளர் முன் வாசிக்கும்போது ஒவ்வொருவரும் தம் சமயத்தார் விட்டுக்கொடுப்பதைத் தாமே வாசிக்க வேண்டும். பள்ளிவாசல் விடுவதைக் கோயில் கமிட்டித் தலைவர் வாசித்தால், மறுநாள் தலைப்புச் செய்தி அறிக்கையின் பொருளையே திருப்பிவிடும். கட்சிப் பிரமுகர் எவரும் வாழ்த்த வந்தாலும் அன்போடு மறுத்துவிட வேண்டும். அவர் துண்டு ஒரு புகைப்படத்தில் விழுந்தால் போதும், எல்லாம் கெட்டது. வாட்ஸ்அப்பில் வசை வரும். பதில் சொல்ல ஒருவரை மட்டும் வைத்து, அவரும் ஒரு முறை மட்டும் சொல்ல வேண்டும். மிரட்டல் வந்தால் காவல் நிலையத்தில் எழுத்துப் புகார் கொடுக்க வேண்டும். தேர்தல் காலத்தில் வழிபாட்டு மேடை பிரசாரத்துக்குப் பயன்பட்டால், தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியில் படத்தோடு தெரிவிக்கலாம். ஆனால் தம் சமயத்தாரின் மேடையில் நடந்ததை முதலில் அந்தத் தலைவரிடம் நேரில் சொல்லிப் பார்ப்பது நல்லது.

கடைசியாக ஒன்று. சேகர குருவும் பங்குத்தந்தையும் சில ஆண்டுகளில் மாற்றலாகிப் போவார்கள். இமாம் வேறு ஊருக்குப் போவார். கொடைக் கமிட்டி புதிதாகத் தேர்ந்தெடுக்கப்படும். கையெழுத்து தனிமனிதருடையதாக மட்டும் இருந்தால் அறிக்கையும் அவரோடு பேருந்து ஏறிவிடும். அதனால் ஒவ்வொரு நிறுவனமும் தன் வாக்குறுதிகளைத் தன் கமிட்டிக் கூட்டத்தில் தீர்மானமாக நிறைவேற்றி, தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அந்தத் தீர்மானத்தின் எண்ணையும் தேதியையும் அறிக்கையில் தன் பெயருக்கு எதிரே குறித்துக் கொடுக்க வேண்டும். புதிதாக வருபவரிடம் பொறுப்பை ஒப்படைக்கும் நாளில் சாவிக்கொத்தோடும் கணக்குப் பேரேட்டோடும் அந்தப் பக்கத்தையும் திறந்து காட்டிவிட்டால், அவர் மீண்டும் ஒரு கூட்டத்துக்கு வந்து கையெழுத்திட வேண்டிய தேவையே இராது.